டெங்குவில் ஃபெரிட்டின் 2840 என்றால் உறுப்புகள் பழுதாகுமா?

2025 ஜூன் 9, திங்கள், காலை 7.10 (கேள்வி)

தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். தங்கச்சிக்கு 24 வயது. வியாழன் பின்னேரம் காய்ச்சல் தொடங்கியது. சனிக்கிழமை டெங்குவுக்கான என்.எஸ்.1 சோதனை பொசிட்டிவ். நேற்று இரவு வாட்டில் சேர்த்துவிட்டோம். ரிப்போர்ட்டில் ஃபெரிட்டின் 2840, ஈரல் நொதிகள் ஏ.எஸ்.டி. 212, ஏ.எல்.டி. 118, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 22, அல்புமின் 4.1, பிளேட்லட் 84,000. லண்டனில் இருக்கும் மாமா, "ஃபெரிட்டின் ஆயிரத்தைத் தாண்டினால் ஈரலும் இதயமும் அடிபடும், கோவிட் காலத்தில் பார்த்தோம், உடனே ஐ.சி.யு.வுக்கு மாற்று" என்கிறார். டொக்டர் "பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார். இந்த எண்ணை வைத்து முன்கூட்டியே சொல்ல முடியுமா?

ஜூன் 9, காலை 8.05 (பதில்)

தம்பி, வேலைக்கு ஓடும் அவசரத்தில் எழுதுகிறேன். இரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தார்கள்? ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் நேரத்தைக் கேட்கவில்லை, ஊசி குத்திய நேரம் வேண்டும். கடைசியாகச் சலம் போனது எத்தனை மணிக்கு? கை கால் சூடாக இருக்கிறதா? வயிற்று நோ, விடாத சத்தி உண்டா?

இவற்றுக்குப் பதில் எழுதுங்கள். மிச்சம் இரவு. ஃபெரிட்டினை மட்டும் காட்டி ஐ.சி.யு. கேட்டு வாட்டில் சண்டை பிடிக்க வேண்டாம்.

ஜூன் 9, இரவு 9.40

பதில் பார்த்தேன். இரத்தம் ஞாயிறு இரவு 8 மணிக்கு எடுத்தது, சலம் ஒழுங்காகப் போகிறது, சத்தி இல்லை, இன்னும் காய்ச்சல் காய்கிறது. சரி.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் டொக்டர் இல்லை. கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்தில் 22 வருடமாகப் பயோகெமிஸ்ட்ரி பிரிவில் இருக்கிறேன். மே, ஜூனில் மழை தொடங்கி நுளம்பு பெருகினால் எங்கள் மேசையில் மஞ்சள் மூடிக் குழாய்கள் குவியும். அவற்றில் பாதிக்கு மேல் காய்ச்சல்காரர்களுடையது. ஆகவே ஃபெரிட்டின் எண்கள் எனக்குப் பழக்கம்.

ஃபெரிட்டின் என்பது இரும்பைச் சேர்த்து வைக்கும் புரதம். 24 துண்டுகள் சேர்ந்த ஒரு கோளம், உள்ளே 4,500 இரும்பு அணுக்கள் வரை பிடிக்கும். சாதாரணமாக இளம் பெண்களுக்கு இரத்தத்தில் 150, 200க்குள் இருக்கும். இரத்தச்சோகை பார்க்கத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். ஆனால் உடம்பில் அழற்சி வந்தால் நோயெதிர்ப்புக் கலங்கள் இதை அள்ளி வெளியே விடும். மற்றக் காய்ச்சல்களை விட டெங்குவில் இது நன்றாக ஏறும். ஆயிரம், இரண்டாயிரம் என்று பார்த்த டெங்குக்காரர்களில் பெரும்பாலானவர்கள் நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

இன்னொன்று. ஃபெரிட்டின் ஈரல் கலங்களுக்குள்ளும் நிறைய இருக்கிறது. டெங்கு ஈரலைச் சீண்டும்போது ஏ.எஸ்.டி. கசிகிறது, அதே கலத்திலிருந்து ஃபெரிட்டினும் கசிகிறது. தங்கச்சியின் ரிப்போர்ட்டில் இரண்டும் கூடியிருப்பதால் இரண்டு உறுப்பு அடிபட்டது என்று மாமா கணக்குப் போடுகிறார். ஒரே சங்கதியை இரண்டு பேர் வந்து சொன்னது போலவும் இருக்கலாம். 212 என்பது டெங்குவில் சாதாரணமாகக் காணும் அளவு. உலகச் சுகாதார நிறுவனம் கடும் டெங்கு என்பதற்கு ஈரல் பக்கம் வைத்த கோடு ஏ.எஸ்.டி. அல்லது ஏ.எல்.டி. 1000.

கோவிட்டோடு ஒப்பிடுவது சரிவராது. அங்கே நுரையீரலும் இரத்தக்கட்டியும் பிரச்சினை, அதனால் இரத்தக்கட்டியைக் காட்டும் டி-டைமரையும் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்த்தார்கள். டெங்குவில் ஆளை விழுத்துவது பிளாஸ்மா கசிவு. நுண்ணிய இரத்தக்குழாய்களின் சுவர் வழியாக நீர்ப்பகுதி நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. ஈரல், சிறுநீரகம், மூளை எல்லாம் அநேகமாக அதற்குப் பிறகுதான், இரத்தம் போதாமல் கிடந்த நேரம் நீண்டால் அடிபடும். ஆகவே ஃபெரிட்டினை விட்டுவிடுங்கள், அதில் ஒன்றும் இல்லை. கசிவைப் பாருங்கள்.

ஜூன் 10, செவ்வாய், அதிகாலை 5.20

நித்திரை வரவில்லை. "ஃபெரிட்டினை விட்டுவிடுங்கள், அதில் ஒன்றும் இல்லை" என்று நேற்று எழுதியது பிழை. திருத்துகிறேன்.

2021இல் வியட்நாம், கம்போடியா, மலேசியா, எல் சல்வடோர் நோயாளிகளின் இரத்தத்தை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வந்தது. காய்ச்சலின் முதல் நாட்களில் எடுத்த இரத்தத்தில் பத்துப் புரதங்களை அளந்து, யாருக்குப் பிறகு கடுமையானது என்று பொருத்திப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்குச் சிறப்பாக வேலை செய்த கூட்டும் பெரியவர்களுக்கு வேலை செய்த கூட்டும் ஒன்றாக இல்லை. ஆனால் இரண்டு கூட்டிலும் ஃபெரிட்டின் இருந்தது. ஆகவே அதில் விஷயம் இருக்கிறது. மற்றப் புரதங்களோடு சேர்த்து, முதல் மூன்று நாட்களுக்குள் எடுத்தால், அதற்கு ஒரு பங்கு உண்டு. ஞாயிறு இரவு எடுத்த 2840ஐத் தனியே தூக்கிக்கொண்டு ஓடினால் எங்கும் போய்ச் சேராது. அவ்வளவுதான் நான் சொல்ல நினைத்தது.

காய்ச்சல் விட்டதா என்று எழுதுங்கள்.

ஜூன் 10, காலை 11.30

அதிகாலை 3 மணிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, அம்மா நேர்த்தி வைத்த தேங்காயை உடைக்கக் கோயிலுக்குப் போய்விட்டா என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா கும்பிடட்டும். ஆனால் வாட்டில் இருப்பவர் யாரோ அவர் இனித்தான் கண் மூடக்கூடாது. காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் கசிவு தொடங்கும், 24 முதல் 48 மணித்தியாலம் நிற்கும். பிள்ளை தெளிவாகக் கதைக்கும், பசிக்கிறது என்றும் சொல்லும். நாடித் துடிப்பு ஏறும், மேல் பிரஷருக்கும் கீழ்ப் பிரஷருக்கும் இடையிலான தூரம் குறுகும். அது 20க்கு வந்தால் அபாயம். கை கால் குளிர்ந்தால், சலம் குறைந்தால், வயிறு நொந்தால் உடனே தாதி மிஸ்ஸிடம் சொல்லுங்கள்.

இன்று பொசன் போயா, லீவு. எல்லா இடத்திலும் ஆட்கள் குறைவு. ஆறு மணித்தியாலமாக ஒருவரும் பி.சி.வி. (இரத்தத்தில் சிவப்புக் கலங்களின் வீதம்) பார்க்கவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் செய்வார்கள்.

ஜூன் 10, இரவு 10.15

ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, அல்புமின் குறைந்தால் கசிவு வரப்போகிறது என்று அர்த்தமா?"

இந்த இடத்தைப் பலர் குழப்புவதால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். வரப்போவதைச் சொல்லும் குறி ஒன்று, நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் குறி இன்னொன்று. அல்புமின் இரண்டாவது வகை.

அல்புமினை ஈரல் செய்கிறது. ஒருமுறை செய்தால் பாதியாகக் குறைய ஏறக்குறைய 19, 20 நாள் எடுக்கும். அப்படிப்பட்ட புரதம் ஒரே நாளில் 4.1இலிருந்து 3.4க்கு வந்தால் ஈரல் செய்ய மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது, அது எங்கோ போய்விட்டது. குழாய்ச் சுவரைத் தாண்டி வெளியே போய்விட்டது. அதனால்தான் நம் நாட்டு டெங்கு வழிகாட்டியில் அல்புமின் 3.5க்குக் கீழே போவதையும், 0.5 விழுவதையும் கசிவுக்குச் சான்றாக வைத்திருக்கிறார்கள். கொலஸ்ட்ரோல் 100க்குக் கீழே இறங்குவதும் அப்படியே. அதுவும் பெரிய துணிக்கைகளில் ஏறித்தான் இரத்தத்தில் ஓடுகிறது.

பி.சி.வி. எதிர்ப்பக்கம் போகும். தண்ணீர் வெளியே போய்ச் சிவப்புக் கலங்கள் மட்டும் மிஞ்சுவதால் விகிதம் ஏறும். 20 வீதம் ஏறினால் கசிவு என்பது கணக்கு. விரல் நுனியில் குத்தி, மெல்லிய கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை ஏற்றி, ஒரு முனையைக் களிமண் போன்ற ஒன்றில் குத்தி அடைத்து, ஐந்து நிமிடம் சுழற்றுவார்கள். எடுத்துப் பார்த்தால் கீழே கருஞ்சிவப்புத் தூண், மேலே வெளிர் மஞ்சள் நீர், நடுவில் நூல் போல ஒரு வெள்ளைக் கோடு. எனக்கு இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தக் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பது பிடிக்கும். லட்சக்கணக்கில் விலைபோகும் இயந்திரம் சொல்லாததை அது சொல்லும்.

இனி என் கதை. 2017. அந்த வருடம் நாடு முழுக்க 1,86,000க்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு என்று பதிவானது, மாகாணங்களில் மேல் மாகாணத்தில்தான் அதிகம். அண்ணாவின் மகளுக்குப் பதினொரு வயது. ஒரு வைத்தியசாலையில் சேர்த்தோம், பெயர் வேண்டாம். கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள். அதிகாலை 4 மணி ரிப்போர்ட்டில் அல்புமின் 2.4, பி.சி.வி. 27. அதற்கு முன்னர் பி.சி.வி. 41. உள்ளே இரத்தம் போகிறது போலிருக்கிறது, இரத்தம் ஏற்பாடு பண்ணுங்கள் என்றார்கள். அண்ணி நிலத்தில் இருந்துவிட்டா. நான் ரிப்போர்ட்டின் மற்றப் பக்கத்தைத் திருப்பினேன். பொட்டாசியம் 2.3, கல்சியமும் குறைவு, குளோரைட் மட்டும் கூடி 124. பிள்ளையின் இடது கையில் சேலைன் ஓடுகிறது. இரத்தம் எடுத்த பஞ்சும் பிளாஸ்டரும் அதே இடது கையில், சேலைன் ஊசிக்கு நான்கு விரல் மேலே. அவர்கள் அளந்தது பாதி பிள்ளையை, பாதி சேலைனை.

மற்றக் கையில் எடுக்கச் சொல்லிக் கேட்டேன். அல்புமின் 3.4, பி.சி.வி. 42. கசிவு உண்மை, இரத்தப்போக்கு இல்லை. அந்த மிஸ்ஸைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இரவு முழுக்க அறுபது பிள்ளைகளுக்குத் தனியே ஓடினவ. ஆனால் அன்றைக்குப் பிறகு, எந்தக் கையில், எத்தனை மணிக்கு என்று தெரியாத எண்ணை நான் நம்புவதில்லை.

ஜூன் 11, புதன், காலை 6.45

இரண்டு சின்னச் சேர்க்கை.

குழாயில் சிவப்புக் கலம் உடைந்தால் ஏ.எஸ்.டி. பொய்யாக ஏறும். சுழற்றிய பிறகு மேலே நிற்கும் நீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும், ரோசாப்பூ நிறத்தில் இருந்தால் நாங்கள் திருப்பி அனுப்புவோம். கலம் உடையாவிட்டாலும் ஏ.எஸ்.டி. தசையிலிருந்தும் வரும். உடம்பு நோவோடு கிடக்கும் டெங்குக்காரரிடம் ஏ.எல்.டி.யை விட ஏ.எஸ்.டி. கூட நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம், ஆள் நிற்கும் நிலை. நடந்து வந்து கதிரையில் இருந்து இரத்தம் கொடுத்தவருக்கும், இரவெல்லாம் படுத்துக் கிடந்தவருக்கும் அல்புமின் ஒன்றாக வராது. படுத்தால் நீர் திரும்ப இரத்தக்குழாய்க்குள் வந்து பத்து வீதம் அளவுக்கு ஐதாகும். ஆகவே நேற்று நான் எழுதிய "0.5 விழுந்தால்" என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டாம். வெளிநோயாளர் பிரிவில் 4.1, கட்டிலில் 3.8 என்றால் அது கட்டிலின் வேலையாக இருக்கலாம். 3.3 என்றால் கட்டிலின் மேல் பழி போட முடியாது.

ஜூன் 11, மதியம் 1.20

தங்கச்சியின் எண்களை நேரத்தோடு அனுப்பியதற்கு நன்றி. செவ்வாய் காலை 6க்கு அல்புமின் 3.7, மாலை 6க்கு 3.3. பி.சி.வி. 38, பிறகு 41, செவ்வாய் இரவு 11க்கு 46. ஸ்கேனில் வலது நெஞ்சில் கொஞ்சம் நீர். ஃபெரிட்டின் இன்று 6900, ஏ.எஸ்.டி. 640. மாமா மூன்று தரம் கோல் எடுத்துவிட்டார்.

38இலிருந்து 46 என்றால் 20 வீதத்துக்குச் சற்று மேலே. கசிவுதான். அவர்கள் மணிக்கு மணி சேலைனை அளந்து கொடுப்பதும், கூட்டிக் குறைப்பதும் அதற்காக. கூடக் கொடுத்தால் அதுவும் நெஞ்சுக்குள் போய் மூச்சை அடைக்கும். அதனால் "ஏன் இவ்வளவு கொஞ்சமாக ஏற்றுகிறீர்கள்" என்று கேட்டு அவர்களை அலைக்கழிக்க வேண்டாம்.

6900ஐப் பற்றி: ஏறுவது எனக்கும் பிடிக்கவில்லை. பத்தாயிரத்தைத் தாண்டி, காய்ச்சலும் திரும்பி வந்து, இரத்த அணுக்கள் எல்லாம் ஒன்றாகச் சரிந்தால், நோயெதிர்ப்புக் கலங்கள் சொந்த இரத்த அணுக்களையே விழுங்கும் நிலை ஒன்று உண்டு. அரிது. டொக்டர் அதைத்தான் மனதில் வைத்து ஃபெரிட்டினைத் திரும்ப எடுத்திருப்பார். காய்ச்சல் இல்லை, ஹீமோகுளோபின் நிற்கிறது என்கிறீர்கள். நாளைக்கும் அப்படியே இருக்கட்டும்.

ஜூன் 11, இரவு 11.05

"காட்டிக் கொடுக்கிற புரதம் இத்தனை இருந்தும் ஏன் ஒன்றும் வாட்டுக்கு வரவில்லை?" என்று கேட்டவருக்கு.

உள்ளவற்றைச் சொல்கிறேன். என்.எஸ்.1 வைரஸ் செய்யும் புரதம், முதல் நாளிலிருந்தே இரத்தத்தில் மிதக்கும். அது சும்மா மிதப்பதில்லை. குழாய்ச் சுவரின் உட்பக்கத்தில் பாசி போல ஒரு சர்க்கரைப் படலம் இருக்கிறது, என்.எஸ்.1 அதை உரிக்கிறது என்று 2015, 2016இல் வந்த ஆய்வுகள் காட்டின. உரியும்போது சின்டெக்கான்-1 என்ற புரதம் இரத்தத்துக்குள் விழும். நான் மேலே சொன்ன 2021 ஆய்வின் பத்துப் புரதங்களில் அதுவும் ஒன்று. 2002இல் தாய்லாந்துப் பிள்ளைகளில் பார்த்தபோது, முதல் 72 மணித்தியாலத்துக்குள் என்.எஸ்.1 மில்லிலீட்டருக்கு 600 நனோகிராமைத் தொட்டவர்களுக்கு இரத்தக்கசிவுக் காய்ச்சல் வரும் வாய்ப்புக் கூட. ஆனால் நாம் மருந்துக்கடைக்குப் பக்கத்தில் செய்யும் கிட் ஒரு கோடு போடும் அல்லது போடாது. எவ்வளவு என்று சொல்லாது. அதோடு, இரண்டாவது தரம் டெங்கு வருபவரிடம் பழைய எதிர்ப்புப் புரதங்கள் என்.எஸ்.1ஐப் பிடித்துக்கொள்வதால் கோடு வராமலே போகலாம். ஆபத்துக் கூடியவரிடம் சோதனை ஊமையாகிவிடுகிறது.

கைமேஸ் என்று ஒன்று இருக்கிறது, மாஸ்ட் கலங்கள் விடும் நொதி. இலங்கை நோயாளிகள், பெரியவரும் பிள்ளைகளும், அவர்களின் இரத்தத்தை வைத்துத்தான் 2017இல் அது முன்கூட்டிச் சொல்லும் என்று காட்டினார்கள். நம்முடைய இரத்தம் உலகத்துக்கு ஒரு குறியைக் கொடுத்திருக்கிறது என்று அன்றைக்கு ஆய்வுகூடத்தில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீலிகா மலவிகேயின் குழு இன்டர்லூக்கின்-10ஐயும் பிளேட்லட்டைத் தூண்டும் ஒரு பொருளையும் வருடக்கணக்காகப் பார்க்கிறார்கள். அந்தப் பொருள் புரதம் இல்லை, கொழுப்பு வகை. நாம் புரதத்தையே சுற்றி நிற்கிறோம், கசிவுக்குக் கதவைத் திறப்பது வேறாகவும் இருக்கலாம்.

வாட்டுக்கு வராததற்கு என் மேசையிலிருந்து தெரியும் காரணம்: சின்டெக்கானையும் கைமேஸையும் அளக்கச் சோதனைத் தட்டு நிரம்பும் அளவுக்கு இரத்த மாதிரிகள் சேர வேண்டும், நாலைந்து மணித்தியாலம் போகும். டெங்குவில் அதற்குள் ஆள் வேறு ஆளாகிவிடும். பத்து நிமிடத்தில், ஒரு துளியில் எண்ணாகச் சொல்லும் கிட் வந்த அன்று நானே இனிப்போடு வந்து எழுதுகிறேன்.

ஜூன் 12, வியாழன், காலை 7.00

பப்பாசி இலைச்சாறு. வந்துவிட்டது, வராமல் போகாது. பிளேட்லட் 31,000 ஆகிவிட்டது என்று யாரோ இலை கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். வயிறு நொந்து சத்தி எடுத்தால் அது இலையா கசிவா என்று டொக்டருக்குத் தெரியாமல் போகும். தயவுசெய்து நிறுத்துங்கள். பிளேட்லட் ஏற்றச் சொல்லியும் கேட்காதீர்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 20,000க்குக் கீழே போன பெரியவர்களுக்கு முன்னெச்சரிக்கையாக ஏற்றிப் பார்த்து 2017இல் முடிவு வந்தது. இரத்தப்போக்குக் குறையவில்லை.

பனடோல் (பரசிட்டமோல்) எத்தனை என்று எழுதி வையுங்கள். ஏற்கெனவே ஈரல் வீங்கிய ஆளுக்கு அளவு மீறக்கூடாது.

ஜூன் 14, சனி, மாலை 5.30

வீட்டுக்கு வந்துவிட்டா என்ற செய்தியைப் பஸ்ஸில் வாசித்தேன். பக்கத்தில் இருந்த அம்மா "ஏன் பிள்ளை அழுறீர்" என்று கேட்டா.

பி.சி.வி. 37, பிளேட்லட் 92,000, ஏ.எஸ்.டி. 280, ஃபெரிட்டின் 3100. கவனித்தீர்களா, சேர்த்த இரவு 2840, வீட்டுக்கு அனுப்பும்போது அதை விடக் கூட. முதல் எண்ணைப் பார்த்துப் பயந்தோம், அதை விடப் பெரிய எண்ணோடு பிள்ளை சோறு சாப்பிடுகிறது. ஃபெரிட்டின் மெதுவாகத்தான் இறங்கும். சி.ஆர்.பி. பாதியாக 19 மணித்தியாலம் போதும் என்பதால் அது எப்போதோ இறங்கியிருக்கும்.

மாமாவுக்கு ஒரு வரி: அவர் பயந்ததில் பிழை இல்லை. தூரத்தில் இருப்பவருக்கு எண் மட்டும்தான் கிடைக்கிறது, பிள்ளையின் கை சூடாக இருப்பது கிடைப்பதில்லை.

ஜூலை 5, சனி, காலை 9.15

மூன்று கிழமைக்குப் பிறகு எடுத்ததில் ஃபெரிட்டின் 164, ஏ.எஸ்.டி. 27. நல்லது. இனி எடுக்கத் தேவையில்லை.

எண்களை நேரத்தோடு எழுதி வைத்த தாளை எறிந்துவிடலாமா என்று கேட்டீர்கள். எறிய வேண்டாம். டெங்கு வைரஸ் நான்கு வகை, அவவுக்கு வந்தது ஒன்று. அடுத்தது வேறு வகையாக வந்தால் இதை விடக் கடுமையாகலாம். அன்றைக்கு வாட்டில் முதல் கேள்வி "இவவுடைய சாதாரண பி.சி.வி. எவ்வளவு" என்பதாக இருக்கும், ஒருவருக்கும் பதில் தெரியாது. உங்களிடம் இருக்கிறது: 38. தாளின் மேலே பெரிதாக எழுதி, அடையாள அட்டையோடு வைத்துவிடுங்கள்.